இலை உதிரும்போது சைக்கிளை மூட்டை கட்டலாமா?

ஏப்ரலில் தெற்கு லண்டனில், கிராய்டன் பக்கம் ஒரு சைக்கிள் கிளப்பில் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கோடை முழுக்கச் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் கிளப்பின் 10 மைல் டைம் டிரையலில், அதாவது ஒவ்வொருவராகக் கிளம்பி கடிகாரத்தோடு போட்டி போடும் பந்தயத்தில், ஓட்டினாராம். செப்டம்பர் பிறந்ததும் அது நின்றுவிட்டது. இப்போது ஒருவர் “மட்கார்டு மாட்டு” என்கிறார், இன்னொருவர் “ஹில் கிளைம்புக்குப் பேர் கொடு” என்று மேடேறும் பந்தயத்துக்கு இழுக்கிறார், மூன்றாமவர் “சைக்ளோகிராஸுக்கு வா” என்று புல்லிலும் சேற்றிலும் ஓட்டும் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறார். “இதில் எனக்கு எது சரிப்படும்? பேசாமல் மார்ச் வரைக்கும் சைக்கிளை மூட்டை கட்டி வைத்துவிடலாமா?” இதுதான் கேள்வி.

மூட்டை கட்டாதீர்கள். நான் கட்டினேன், முதல் வருஷம். மார்ச்சில் திரும்பிப் போனபோது எல்லாரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வேடிக்கையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அது அக்டோபரில் நடந்த கதை. கோடையில் கிளப் என்பது ஒரே நேரத்தில் ஒரே ரோட்டில் மிதிக்கும் ஐம்பது பேர், அவ்வளவுதான். முகம் பார்த்துப் பழகுவதெல்லாம் இந்த இலையுதிர் காலத்து மூன்று மாதத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை பந்தயம் ஏன் நின்றது என்பதிலிருந்து தொடங்குகிறேன். காரணம் வெளிச்சம். ஜூன் நடுவில் லண்டனில் சூரியன் இறங்க 9.20 ஆகிறது. செப்டம்பர் முடிவில் ஏழு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டால், அதற்கு அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். நம் ஊரில் ஆறு, ஆறரை என்று வருஷம் பூராவும் பெரிதாக நகராத சூரியனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதல் வருஷம் ஏதோ ஏமாற்று வேலை போலத்தான் தெரியும். இருட்டு மட்டுமல்ல, தாழ்வாக வரும் வெயிலும் ஆபத்து. காலையிலும் மாலையிலும் சூரியன் ரோட்டு மட்டத்துக்கு இறங்கி, கார் ஓட்டுபவரின் கண்ணில் நேராக அடிக்கும். முன்னால் சைக்கிள் போவதே அவருக்குத் தெரியாது. டைம் டிரையலில் இப்போது முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம் என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

இந்த டைம் டிரையல் பிறந்ததே ஒரு அக்டோபரில்தான். 1890களில் இங்கிலாந்தில் சைக்கிள்காரர்கள் என்றாலே போலீசுக்கு ஆகாது. 1894 ஜூலையில் வடக்கு ரோட்டில் நடந்த 50 மைல் பந்தயத்தில் ஒரு குதிரை வண்டியோடு ஓட்டக்காரர்கள் மோதிக் குழப்பமாகி, ரோட்டில் பந்தயமே கூடாது என்கிற நிலை வந்தது. அந்த மோதலில் விழுந்தவர்களில் ஒருவர் எஃப். டி. பிட்லேக். அவர் கண்டுபிடித்த வழி: கூட்டமாகப் போனால்தானே பந்தயம் என்று தெரியும்? ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு அனுப்பி, கடிகாரத்தை வைத்து யார் வேகம் என்று பார்ப்போம். 1895 அக்டோபர் 5 அன்று அப்படி நடந்ததைத்தான் இன்றைய டைம் டிரையலின் முதல் பந்தயம் என்கிறார்கள். அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு விடியற்காலையில், கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடுத்திக்கொண்டு, கடத்தல்காரர்கள் மாதிரிதான் ஓட்டினார்கள். பாதையின் பெயரைக்கூட வெளியே சொல்வதில்லை, குறியெண்தான். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. ஹல் நகரத்துப் பக்கம் வேகத்துக்குப் பெயர்போன 10 மைல் பாதையை யாரும் ஊர்ப் பெயரால் சொல்ல மாட்டார்கள், “வி718” என்றுதான் சொல்வார்கள். உங்கள் செவ்வாய்க்கிழமைப் பாதைக்கும் அப்படி ஒரு எண் இருக்குமே, அது இந்த ரகசியத்தின் மிச்சம்.

கூட்டமாக ஓடும் ரோட்டுப் பந்தயம் இங்கே திரும்பி வந்தது 1942 ஜூனில். பெர்சி ஸ்டாலார்ட் என்பவர் லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை தடையை மீறி ஒன்று நடத்தினார். அதற்காக அவரைச் சங்கத்தை விட்டே நீக்கினார்கள். அது தனிக் கதை.

சரி, மட்கார்டுக்கு வருவோம். உங்களிடம் சொன்ன மூன்று பேரில் உண்மையான நண்பர் இவர்தான். இங்கே மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது, ஆனால் அக்டோபரிலிருந்து ரோடு காய்வது நின்றுவிடும். மழை பெய்து மூன்று நாள் ஆனாலும் மரத்தடியில் ஈரம் அப்படியே கிடக்கும். மட்கார்டு இல்லாத சைக்கிளின் பின்சக்கரம், வயலிலிருந்து டிராக்டர் இழுத்து வந்த சேறு, அழுகிய இலை, மாட்டுச் சாணி எல்லாவற்றையும் கலந்து பின்னால் வருபவர் வாயில் ஊட்டிவிடும். இரண்டாம் வருஷம் நான் அப்படித்தான் போனேன். எனக்குப் பின்னால் வந்தவர் எழுபது தாண்டிய பெரியவர். டீக்கடையில் இறங்கி, கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் முகத்தை நிதானமாகத் துடைத்துவிட்டு, “உன் வீட்டில் மட்கார்டு இருக்கிறதா?” என்று கேட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஆங்கிலேயர் ஒருவரிடம் இதற்கு மேல் கடுமையான திட்டு வாங்க முடியாது என்று எனக்குப் புரிய ஆறு மாதமானது. முழு நீள மட்கார்டு வாங்குங்கள், பின்பக்கத்தில் தரையைத் தொடும் அளவுக்கு ஒரு ரப்பர் துண்டையும் தொங்கவிடுங்கள். மட்கார்டு என்பது நமக்காகப் போடுவதில்லை.

இன்னொன்று, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். செப்டம்பர் வந்தால் பஞ்சர் ஏன் இரண்டு மடங்காகிறது தெரியுமா? பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வயலோர வேலியை வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு வெட்டத் தொடங்குவார்கள். வேலியில் பாதி முள்மரம். ஒரு அங்குல முள்ளெல்லாம் ரோட்டில் சிதறிக் கிடக்கும், அதன்மேல் ஈர இலை மூடியிருக்கும். கென்ட், சர்ரே பக்கத்துச் சந்துகளில் ஒரே காலையில் எங்கள் குழுவில் ஐந்து பஞ்சர் ஆனதுண்டு. 28 மி.மீ. டயர், இரண்டு டியூப், வேலை செய்யும் பம்பு. டயருக்குக் காற்றடிக்கும் கேஸ் குப்பி ஒன்றே போதும் என்று வருபவர்தான் மூன்றாவது பஞ்சருக்கு மற்றவர் பம்பைக் கேட்பவர்.

கிளப்பின் வாராந்திர ஓட்டமும் இப்போது மாறும். கோடையில் 120 கி.மீ. போனவர்கள் 80க்கு இறங்குவார்கள், டீக்கடையில் உட்காரும் நேரம் மட்டும் இரண்டு மடங்காகும். எங்கள் கிளப்பில் இது சனிக்கிழமை. புரட்டாசி சனியில் பன்றி இறைச்சி ரொட்டி வாசனைக்கு நடுவே உட்கார்ந்து, டோஸ்ட்டும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டு, “ஏன் இந்த மாதம் மட்டும்?” என்ற கேள்விக்கு வருஷாவருஷம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது அவர்களே எனக்கு முன்னால் கணக்கு வைத்திருக்கிறார்கள். “இன்னும் எத்தனை சனி பாக்கி?”

இனி ஹில் கிளைம்ப். என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கான பதிலே இதுதான்.

ஒரே ஒரு மேடு. கீழிருந்து மேலே, ஒருவர் பின் ஒருவராக நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள். பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கோடைப் பந்தயங்கள் ஓய்ந்த பிறகு, செப்டம்பர், அக்டோபரில் நாடு முழுக்க இது ஒரு பருவமாகவே நடக்கும். அக்டோபர் கடைசியில் தேசியப் போட்டி. அதை 1944இல் தொடங்கினார்கள். கிறிஸ் போர்ட்மன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அதற்கு முன் 1988இலிருந்து 1991 வரை தொடர்ந்து நான்கு வருஷம் தேசிய ஹில் கிளைம்பை வென்றிருக்கிறார். அதாவது, கிராமத்து மண்டபத்தில் காகிதக் கப்பில் டீ குடிக்கும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் அவரும் போனார்.

நீங்கள் இருக்கும் இடம் இதற்கென்றே அமைந்த மாதிரி. செவனோக்ஸுக்குத் தெற்கே, ஐட் ஹில் கிராமத்துக்குப் பக்கத்தில் யார்க்ஸ் ஹில் என்று ஒரு மேடு உண்டு. கேட்ஃபோர்டு சைக்கிளிங் கிளப் நடத்தும் ஹில் கிளைம்ப் அங்கேதான். 1887இல் வெஸ்டர்ஹாம் ஹில்லில் தொடங்கி, பிறகு இங்கே வந்து நிலைத்தது. உலகில் இன்றும் நடக்கும் மிகப் பழைய சைக்கிள் பந்தயங்களில் ஒன்று. டூர் டி ஃபிரான்ஸ் 1903இல்தான் வந்தது என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக அக்டோபரின் ஒரு ஞாயிறு காலையில் இது. அதே நாள் மதியம், சர்ரேயில் ஆக்ஸ்டெட் பக்கம் வைட் லேனில் பெக் கிளப்பின் ஹில் கிளைம்ப். காலையில் ஒன்று ஏறிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மிதித்துப் போய் மதியம் இன்னொன்று ஏறுபவர்கள் உண்டு.

யார்க்ஸ் ஹில் மொத்தமே 650 மீட்டர்தான். கேட்டால் சிரிப்பு வரும். போய் நின்று பார்த்தால் வராது. இருபுறமும் மண்கரை உயர்ந்து, மேலே மரக்கிளைகள் கூடி மூடிய ஒரு கார் அகலச் சந்து. முதல் பாதி ஏமாற்றும். நடுவுக்கு மேல் ரோடு எழுந்து முகத்துக்கு நேராக நிற்கும். சில இடங்களில் சரிவு 25 சதவீதம், நான்கு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். இலை ஈரமாக இருந்தால் எழுந்து நின்று மிதிக்கும்போது பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும். உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தூக்கும். 1983இல் ஃபில் மேசன் இதை 1 நிமிடம் 47.6 வினாடியில் ஏறினார். பத்தாண்டுகள் பல கடந்தும் அசையாமல் நின்ற சாதனை அது. கணக்குப் போட்டால் மணிக்கு 21 கி.மீ.க்கு மேல். எனக்கு மூன்றரை நிமிடம் ஆகிறது, மணிக்கு 11 கி.மீ. கரையில் நின்ற ஒரு சிறுமி என் கூடவே ஓடி வந்து கைதட்டினாள். ஓடி வந்தாள் என்று நாகரிகமாகச் சொல்கிறேன், நடந்துதான் வந்தாள்.

இங்கேதான் விஷயம். 10 மைல் பந்தயத்தில் நீங்கள் எத்தனையாவது என்பது உங்களுக்கும் நேரம் எடுப்பவருக்கும் மட்டும் தெரியும். ஹில் கிளைம்பில் மேட்டின் செங்குத்தான இடத்தில்தான் கூட்டம் முழுக்க நிற்கும். மணி, பாத்திரம், கரண்டி எல்லாம் கொண்டுவந்து தட்டுவார்கள். முதலாவதாக வருபவர் அந்த இடத்தைப் பதினைந்து வினாடியில் கடந்துவிடுவார், கடைசியாக வருபவர் முக்கால் நிமிடம் அங்கேயே இருப்பார். அதனால் அவருக்குத்தான் அதிகக் கைதட்டல். தேர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வரும் கடைசி ஐம்பது அடியில் ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அது. புதியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பந்தயம் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் மோதி விழும் பயம் இல்லை, கார் பயமும் பெரும்பாலும் இல்லை, மூன்றே நிமிடம்.

ஆனால் அந்த மூன்று நிமிடத்தைக் கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு, எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார், நேரம் எடுப்பவர் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணுவார், கால் இரண்டும் பெடலில் பூட்டியிருக்கும், நெஞ்சு படபடக்கும். விட்டதும் அம்பு மாதிரி பாய்வீர்கள். நாற்பதாவது வினாடியில் சொர்க்கம், எண்பதாவது வினாடியில் தொடையில் யாரோ சிமெண்ட் ஊற்றிய மாதிரி இருக்கும். அதற்கு மேல்தான் மேடே தொடங்குகிறது. முதல் அரை நிமிடம் “இது ரொம்ப மெதுவாக இருக்கிறதே” என்று தோன்றும் வேகத்தில் போங்கள். மேலே போனதும் இரண்டு பேர் உங்களைத் தாங்கிப் பிடிப்பார்கள், வெட்கப்படாமல் விழுங்கள். குளிர்ந்த காற்றை அப்படி இழுத்ததில் சாயங்காலம் வரைக்கும் வறட்டு இருமல் இருக்கும். பயப்பட வேண்டாம், அன்றைக்கு அந்த மண்டபம் முழுக்க இருமல்தான்.

சைக்கிளின் எடையைப் பற்றிக் கிளப்பில் நிறையக் கதை கேட்பீர்கள். ஹேண்டில்பாரின் கீழ்வளைவை ரம்பத்தால் அறுப்பவர், டேப்பைப் பிரிப்பவர், சீட்டின் மெத்தையை உரிப்பவர், போல்ட்டில் ஓட்டை போடுபவர் எல்லாம் உண்டு. எனக்கும் அந்தப் பித்து ஒரு வருஷம் இருந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, நேரம் 210 வினாடி. 100 கிராம் குறைத்தால் கால் வினாடி மிச்சம். தண்ணீர் பாட்டிலையும் பஞ்சர் பையையும் கழற்றி வைத்தால் இரண்டு வினாடி, அதுவும் செலவில்லாமல். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேக் இரண்டையும் தொடாதீர்கள், ஏறியதை இறங்கவும் வேண்டும்.

சைக்ளோகிராஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது ஒத்துவரவில்லை. செப்டம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ நடக்கும். புல், சேறு, மணல், படிக்கட்டு, நடுவே பலகைத் தடுப்பு. தடுப்பு வந்தால் இறங்கி, சைக்கிளைத் தூக்கி ஓடி, மறுபடி ஏற வேண்டும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். உள்ளூர் லீக்குகளில் மலைச் சைக்கிளும் பெரும்பாலும் செல்லும் என்பதால், இதற்கென்று புதிதாக ஒன்று வாங்க ஓடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதற்குத்தான் போக வேண்டும். காலையில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் பந்தயம் உண்டு, சேற்றில் புரள யாரும் தடுக்காத ஒரே இடம். லீட்ஸ்காரரான டாம் பிட்காக் 2022இல் இதில் உலக சாம்பியன் ஆனார். உச்சத்தில் இருப்பவர் அவர் என்றால், கீழே இருப்பவர்கள் திங்கட்கிழமை வாஷிங்மெஷினைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள்.

வடக்கே யார்க்‌ஷயரில் செப்டம்பர் கடைசியில் நடந்துவந்த த்ரீ பீக்ஸ் சைக்ளோகிராஸை ஒருமுறை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். 61 கி.மீ., மூன்று மலை உச்சி, மிதிக்க முடியாத இடமெல்லாம் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு. 1959இல் பதினான்கு வயதுப் பள்ளிப் பையன் ஒருவன் அந்தச் சுற்றைச் சைக்கிளோடு முடித்ததிலிருந்து தொடங்கிய யோசனை, 1961இல் பந்தயமானது. பார்ப்பதற்கு அருமை. பார்ப்பதற்கு.

யார்க்‌ஷயர் என்றதும் பெரில் பர்ட்டனைச் சொல்லாமல் போக முடியாது. 1967 செப்டம்பரில், சீசன் முடியும் நேரத்து 12 மணி நேரப் பந்தயம். மார்லி கிளப்பைச் சேர்ந்த பர்ட்டன் ஆண்களுக்குப் பின்னால் தனியாகக் கிளம்பி, ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசியில் ஆண்களில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த மைக் மெக்நமாராவையும் பிடித்தார். தாண்டும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு லிக்கரிஸ் (அதிமதுர) மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார், அவரும் வாங்கிக்கொண்டார். அன்று பர்ட்டன் ஓட்டியது 277.25 மைல். ஆண்களின் சாதனையைவிட அதிகம், அதைத் தாண்ட ஆண்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. பர்ட்டன் பிழைப்புக்கு ருபார்ப் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். கிளப் டீக்கடையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயது அம்மாவை ஏற இறங்கப் பார்க்கும் முன் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதைச் சொன்னதே அப்படி ஒரு அம்மாதான், அதுவும் ஒரு மேட்டில் என்னைத் தாண்டிப் போன பிறகு.

மிச்சமிருப்பவை சின்ன விஷயங்கள். இலையுதிர் காலத்தில்தான் கிளப்பின் வருடாந்திரக் கூட்டம் நடக்கும். போனால் ஏதாவது ஒரு பொறுப்பைத் தலையில் கட்டுவார்கள் என்று பயந்து பாதிப் பேர் வர மாட்டார்கள். போங்கள், கட்டட்டும். வீட்டுக்குள்ளேயே சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் டர்போ கருவி வாங்கலாமா என்று நினைத்திருப்பீர்கள், நவம்பருக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே வாங்கினால் இப்போதே வெளியே போவதை நிறுத்திவிடுவீர்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: இந்த வாரம் மட்கார்டு மாட்டுங்கள். கிளப்பின் சொந்த ஹில் கிளைம்ப் என்றைக்கு என்று கேட்டு, ஓட்டுவதற்கு முன் ஒருமுறை மார்ஷலாக, அதாவது பாதையோரம் நின்று எச்சரிக்கும் ஆளாக, நிற்கிறேன் என்று செயலாளரிடம் சொல்லுங்கள். அவர் உங்களை அந்த வாரம் முழுக்க மறக்க மாட்டார், அவ்வளவு தட்டுப்பாடு. பளபளக்கும் மஞ்சள் அங்கியும், நிற்பதற்கு ரோட்டில் ஒரு திருப்பமும் தருவார்கள். மார்ஷலுக்கு வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் கிடையாது, எச்சரிக்கை மட்டும்தான், அதை மறந்துவிடாதீர்கள். அடுத்து யார்க்ஸ் ஹில். தேதியை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் கொடுக்கும் கெடு பந்தயத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே முடிந்துவிடும். சேர முடியாவிட்டால் வேடிக்கை பார்க்கவாவது வாருங்கள். செங்குத்து தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, இடது கரையில் நிற்பேன். எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும் வைத்திருப்பவன் அங்கே நான் ஒருவன்தான்.